கோயில் வராந்தாவுக்கு வந்து சேர்ந்த தூக்குப்போசிகள்

உங்க எல்லார் கையிலயும் அபிஷேக எண்ணெய் வாசம் இன்னும் போகல. அதுக்குள்ள தேர்தல் வந்துருச்சு. பாவம் நீங்க.

ஆயர் இல்லத்துல இருந்து போன் பண்ணி, புதுக் குருக்களுக்கு அரசியலும் பிரசங்கமும்னு தலைப்புல கொஞ்ச நேரம் பேசுங்க ஃபாதர்னு கேட்டாங்க. மூட்டு வலி, சர்க்கரை, ஒரு கண்ணுல புரைன்னு ஓய்வு இல்லத்துல மூலையில உட்கார்ந்திருக்கிற ஆளை எதுக்குத் தேடிப்பிடிச்சுக் கூப்பிடுறாங்கன்னு யோசிச்சேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. நம்ம மறைமாவட்டத்துலயே தேர்தல் பறக்கும் படை வந்து சோதனை போட்ட ஒரே பங்குச் சாமியார் நான்தானாம். சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வரல.

திருச்சபையோட சமூகப் போதனை எல்லாம் குருமடத்துல படிச்சிருப்பீங்க. பொது நன்மை, மனச்சான்று, ஏழைகள் பக்கம் நிக்கிறது. நல்லா மார்க்கும் வாங்கியிருப்பீங்க. உங்கள்ல ரெண்டு பேரு யூடியூப் சேனல் வேற வெச்சிருக்கீங்களாம். எந்தக் கட்சி எங்க சறுக்குதுன்னு புட்டுப் புட்டு வைக்கிறீங்களாம். வைங்க, வேண்டாம்னு சொல்லல. பேசுறதுல என்ன கஷ்டம் இருக்கு? வாயைத் திறக்கக் கூடாதுங்கிற நேரம் ஒண்ணு வரும் பாருங்க, அப்பத்தான் இருக்கு உங்களுக்கு.

நான் கடைசியா வேலை பார்த்தது கொல்லிமலையில, அரியூர் நாட்டுப் பக்கம். சரிவுல ஒரு சின்ன அந்தோணியார் கோயில். பங்கு மக்கள்னு எடுத்தா கொஞ்சக் குடும்பம்தான். சுத்தி இருக்கிறவங்க எல்லாம் அந்த மலையிலயே பிறந்து வளர்ந்த இந்து விவசாயிங்க. மரவள்ளிக் குச்சிக்கிழங்கு, சாமை, மிளகுன்னு அவங்க பொழப்பு. செவ்வாய்க்கிழமை ஆனா அவங்களும் வந்து அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க. ஆடு காணாமப் போனா நிச்சயம் வருவாங்க. மாசத்துல முதல் ஞாயிறு பூசை முடிஞ்சதும் கோயில்ல பொதுச் சாப்பாடு உண்டு. பூசைக்கு வராதவங்களும் சோத்துக்கு வந்துருவாங்க. நானும் கணக்குப் பார்க்க மாட்டேன்.

கோயில் கூரையில ஒரு குழாய் ஸ்பீக்கர் இருந்துச்சு. எனக்கு முன்னாடி இருந்த சாமியார் கட்டினது. நான் பிரசங்கம் வெச்சா கீழ பள்ளத்துல நெல்லு வயல்ல நிக்கிறவன் வரைக்கும் கேக்கும். "சாமி, இன்னிக்குக் கொஞ்சம் நீட்டிப் பேசிட்டீங்க, எங்க மாடு படுத்துருச்சுங்க"ன்னு வயக்காட்டுல இருந்தே விமர்சனம் வரும்.

ஒரு சட்டமன்றத் தேர்தல் நேரம். ஆயரோட சுற்றறிக்கை வந்துச்சு. வாக்களிக்கிறது கடமை, வாக்கை விக்கிறது பாவம், எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேக்காதீங்கன்னு. நான் அதை அப்படியே வாசிச்சிட்டு இறங்கியிருக்கலாம். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. உலகத்துல இருக்கிற அரசியல் தத்துவம் எல்லாத்தையும் இழுத்துப் போட்டு ஒரு பிரசங்கம் வெச்சேன். முன்வரிசையில ரெண்டு பேருக்குத் தூக்கமே வந்துருச்சு.

கடைசியில மட்டும் கொஞ்சம் தரைக்கு வந்தேன். அந்த வாரம்தான் ஒரு கட்சி, வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி குடுத்திருந்துச்சு. மூடி போட்ட, சோறு எடுத்துட்டுப் போற பாத்திரம் இருக்குல்ல, அதுதான். குடுத்துட்டு, சூடத்துல அடிச்சு சத்தியமும் வாங்கிட்டாங்க. ஊர்ல எல்லாருக்கும் அந்த சத்தியம்தான் பயம். அதனால சொன்னேன்: "தப்புச் செய்யறதுக்குப் பண்ணின சத்தியம் உங்களைக் கட்டாது. யாருக்கு ஓட்டுப் போடணும்னு உங்க மனசாட்சி சொல்லட்டும், நான் சொல்லல. ஆனா வாங்கினது உறுத்துச்சுன்னா திருப்பிக் குடுத்துருங்க."

அவ்வளவுதான். தத்துவம் எல்லாம் காத்துல போச்சு. அந்த ஒரு வரி மட்டும் ஸ்பீக்கர் வழியா ஒவ்வொரு ஊட்டுக்குள்ளயும் போய் உட்கார்ந்துருச்சு.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்னுச்சு பாருங்க, பெரிய வெள்ளிக்கிழமைக்குக் கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. வரிசை நின்னதை ஊரே பார்த்துச்சு, அதனால சொல்றேன். உள்ள யார் என்ன சொன்னாங்கன்னு என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. பாவசங்கீர்த்தனத்துல கேட்டது சாகுற வரைக்கும் வெளிய வராது. உங்களுக்கு நான் சொல்லணுமா? இந்தக் கதையில அந்த இடத்துல ஒரு ஓட்டை இருக்கும். அதைச் சுத்தித்தான் நாம நடக்கணும்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சு கதவைத் திறக்குறேன், கோயில் வராந்தா பூரா தூக்குப்போசி. வரிசையா, சாமிக்குப் படைச்ச மாதிரி அடுக்கி வெச்சிருக்கு. கட்சி ஸ்டிக்கரை மட்டும் உரிச்சுட்டாங்க.

எனக்குப் புரிஞ்சு போச்சு. குடுத்தவன் ஊட்டுக்குக் கொண்டுபோய் முகத்துக்கு நேரா வைக்க அவங்களுக்குத் தைரியம் இல்லை. வெச்சுக்கவும் மனசு வரல. நடுவுல இளிச்சவாயன் ஒருத்தன் இருக்கானே, கோயில்ல, அவன்கிட்ட இறக்கிட்டாங்க.

ஒண்ணை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். பகீர்னுச்சு. பேரு வெட்டியிருந்துச்சு.

மலையில அது ஒரு பழக்கம். கல்யாணம், காரியம், நோம்பி எதுன்னாலும் ஊர்ப் பாத்திரம் எல்லாம் ஒண்ணாச் சேரும். முடிஞ்சதும் எல்லாரும் அடியில பேரு பார்த்துத்தான் எடுத்துட்டுப் போவாங்க. அதனால புதுப் பாத்திரம் ஊட்டுக்குள்ள வந்தா முதல் வேலை, சந்தையில பேரு வெட்டுறவன்கிட்ட ஓடுறதுதான். இலவசமா வந்த போசிக்கும் ஓடியிருக்காங்க. மனசாட்சி உறுத்துறதுக்கு முன்னாடியே பேரு வெட்டியாச்சு. இன்னொண்ணைத் திருப்பினேன், அதுலயும் பேரு. அதுக்கு மேல பார்க்கப் பிடிக்காம வெச்சுட்டேன்.

என் பயம் என்னன்னு தெளிவாச் சொல்லிடுறேன். சட்டப்படி குடுத்தவனும் குத்தவாளி, வாங்கினவனும் குத்தவாளி. குடுத்தவன் பேரு எதுலயும் இல்லை. வாங்கினவன் பேரு எவர்சில்வர்ல வெட்டியிருக்கு. ஆபீசருங்க கண்ணுல பட்டா, மனசு திருந்திக் கொண்டாந்து வெச்சவங்கதான் கோர்ட்டுப் படி ஏறுவாங்க. கட்சிக்காரனுக்குத் தெரிஞ்சாலோ, நூறு நாள் வேலையில இருந்து பேரு போகும், ரோட்டுல நிம்மதியா நடக்க முடியாது. இவ்வளவும் யாரால? நான் வெச்ச பிரசங்கத்தால.

எங்கயாவது ஒளிச்சு வைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே பூசைக்குப் போயிட்டேன். முடிச்சு வராந்தாவுக்கு வந்தா, எங்க பங்களாவுல சமைக்கிற மருதாயி எல்லாப் போசியையும் விளக்கிக் கழுவி, சாமைச் சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டு நிரப்பி வெச்சிருக்கா. முதல் ஞாயிறு இல்லையா, பொதுச் சாப்பாடு. "எத்தனை நாளா ஏனம் பாத்திரம் பத்தலன்னு சொல்றேன், இன்னிக்கு அந்தோணியாரே குடுத்துட்டாருங்க"ன்னு அவளுக்கு ஒரே சந்தோசம். அவ எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடுவா. என்னையும் சாமி, தொட்டில் குழந்தையையும் சாமி, செனை ஆட்டையும் சாமி. அதனால அவ மரியாதை எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. திட்டலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள ஜீப் சத்தம் கேட்டுச்சு.

பறக்கும் படை. துணைத் தாசில்தார் அம்மா ஒருத்தங்க, ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோகிராபர். கொல்லிமலை ரோட்டுல எழுபது கொண்டை ஊசி வளைவு. பழக்கமில்லாதவன் குடலைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் மேல வருவான். வீடியோக்காரர் இறங்கின வேகத்துக்கு மிளகுக் கொடிக்கு அந்தப் பக்கம் ஓடிட்டாரு. அந்தம்மாவும் முகம் வெளிறிப் போய் ஜீப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மருதாயி எலுமிச்சங்காயைப் பிழிஞ்சு உப்புப் போட்டுக் கொண்டாந்து நீட்டினா. தேர்தல் வேலையில யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்க. வாந்திக்கு எந்தக் கட்சிங்கன்னு மருதாயி கேட்டா. வாங்கிக் குடிச்சிட்டாங்க.

ஜீப்புக்குப் பின்னாடியே பைக்குல வந்து இறங்கினாரு கிளைச் செயலாளர். சின்னராசுன்னு வெச்சுக்குவோம், உண்மைப் பேரு அது இல்லை. அந்தப் போசிகளைக் குடுத்த கட்சியோட கிளைச் செயலாளர். மோசமான ஆளுன்னு சொல்ல மாட்டேன். பதவி மேல ஆசை கொஞ்சம் ஜாஸ்தி. ஒருதடவை அவரு ஊட்டுக்கு டீ குடிக்கப் போனேன், தண்ணி வாளியில கூட பேருக்குப் பக்கத்துல பதவியை எழுதி வெச்சிருந்துச்சு. விடியக்காலை அந்தப் பக்கம் போனவரு வராந்தாவைப் பார்த்துட்டாரு. சாமியார் இதை எல்லாம் சேர்த்து நம்ம மேல புகார் குடுக்கப் போறாருன்னு நினைச்சு, அவரே முந்திக்கிட்டு, எதிர்க்கட்சி குடுத்த போசிங்களைச் சர்ச்சுல வெச்சு வினியோகம் பண்றாங்கன்னு போட்டோ எடுத்துப் பறக்கும் படைக்கு அனுப்பிட்டாரு. அரசியல் மூளைன்னா இதுதான்.

அந்தம்மா வராந்தாவைப் பார்த்தாங்க. யாரோடதுன்னு கேட்டாங்க.

"சொல்ல மாட்டேம்மா."

"தெரியாதுங்களா, சொல்ல மாட்டீங்களா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

அவங்க என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. நான் பொதுவா விளக்கினேன். எங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு, மக்கள் வந்து தங்களோட பாவத்தைச் சொல்வாங்க, அதைக் கோர்ட்டுலயும் சொல்ல மாட்டோம், கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டோம்னு. அப்ப இந்தப் போசி விஷயத்தை உங்ககிட்ட சொன்னாங்களான்னு கேட்டாங்க. சொன்னாங்களா இல்லையாங்கிறதையும் சொல்ல மாட்டேன்னேன். போலீஸ்காரர் மெதுவா, மேடம், சாமியாருக்கு வயசாயிருச்சுன்னாரு.

இங்க கொஞ்சம் நிக்கிறேன். உங்கள்ல சட்டம் படிச்ச ஒருத்தர் கேப்பீங்க, போசியில பேரைப் பார்த்தது பாவசங்கீர்த்தனம் இல்லையே, அதைச் சொன்னா என்னன்னு. அந்த நேரத்துல எனக்கும் அந்த யோசனை வந்துச்சு, பொய் சொல்லல. ஆனா முந்தின நாள் வரிசையில யார் யார் நின்னாங்கன்னு ஊருக்கே தெரியும். இன்னிக்குப் போசியோட பேரைச் சொன்னா, நேத்து உள்ள என்ன சொன்னாங்கன்னு நானே பறை அடிச்ச மாதிரிதான். இன்னொருத்தர், மெதுவா ஒரு பொய் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. வாக்குக்குப் போசி வாங்காதேன்னு ஊரையே திருத்தினவன், தனக்குன்னு வரும்போது பொய் சொன்னா அந்த ஸ்பீக்கரைக் கழட்டி வித்துரலாம்.

அதனால, "என் கோயில்ல இருக்கு, என் பொறுப்பு. என் பேருல எழுதிக்கங்க"ன்னு சொன்னேன்.  நாளைக்குப் பேப்பர்ல சர்ச்சுல பரிசுப் பொருள் பதுக்கல்னு வரும், வாட்ஸப்புல அதுக்குக் கண்ணு மூக்கு எல்லாம் வெச்சு அனுப்புவாங்க, இத்தனை வருசமா ஒண்ணா மெழுகுவத்தி ஏத்தின ஜனம் ரெண்டா நிக்குமேன்னுதான் கவலை.

அந்தம்மா ஒரு போசியோட மூடியைத் திறந்தாங்க. ஆவி வந்துச்சு. சீல் வைக்கணும், காலி பண்ணுங்கன்னாங்க. மருதாயி இடுப்புல கையை வெச்சுக்கிட்டா.

"சோத்தைக் கீழ கொட்டச் சொல்றீங்களா, சாமி?"

அந்தம்மாவும் மலையடிவாரத்து விவசாயக் குடும்பம்தான் போல.  சாப்பிட்டுக் காலி பண்ணிக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. மருதாயி மணிக்கயித்தை இழுத்தா. மரத்தடியில காத்துக்கிட்டிருந்த ஜனம் எல்லாம் வந்துச்சு. கிறிஸ்தவங்க, இந்துக்கள், குழந்தைங்க எல்லாரும்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. என்ன நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சு போச்சு. ஐயோ, பேரைப் பார்க்காதீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தினா, பேரு இருக்குன்னு நானே சொன்னதாயிரும். கத்தலைன்னா, அவங்களே மாட்டிக்குவாங்க. தம்பிகளா, என் வாழ்க்கையிலயே நான் செஞ்ச கஷ்டமான வேலை, அந்த நேரத்துல வாயை மூடிக்கிட்டு நின்னதுதான். ஜெபம் பண்ணினேன்னு சொல்ல ஆசை. உண்மையில வேர்த்துச்சு, அவ்வளவுதான்.

முதல்ல வந்தவரு பொன்னுசாமி. குச்சிக்கிழங்கு போடுறவரு, கோயில் படி ஏறாத மனுசன், ஸ்பீக்கர்ல மட்டும் கேக்கிறவரு. ஒரு போசியைத் தூக்கிக் கண்ணு உயரத்துக்குப் பிடிச்சு அடியைப் பார்த்தாரு. கீழ வெச்சாரு. அடுத்ததைப் பார்த்தாரு. மூணாவது அவரோடது. எடுத்துக்கிட்டு நிம்மதியா உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சாரு. பின்னாடி வந்தவங்களும் அதே மாதிரி. ஆளாளுக்குத் தூக்கி, அடியைப் பார்த்து, அவங்கவங்க போசியை எடுத்துக்கிட்டாங்க. பழகின கை, வேற என்ன செய்யும்? வீடியோ ஓடிக்கிட்டே இருக்கு. பறக்கும் படைக்கு முன்னாடி உட்கார்ந்து, ஒட்டுமொத்த ஊரும் தன்னோட சாட்சியத்துலயே சோறு சாப்பிடுது.

அந்தம்மா பொன்னுசாமி பக்கத்துல போய் நின்னாங்க. இது உங்களுதான்னு கேட்டாங்க.

அவரு வாயில இருந்ததை முழுங்கிட்டுத்தான் பேசினாரு. "ஆமாங்க. வாங்குனது தப்புங்க. சாமி ஸ்பீக்கர்ல சொன்னாரு, குடுத்துருங்கன்னு. குடுத்தவங்க ஊட்டுக்குப் போகப் பயமா இருந்துச்சுங்க, இங்க வெச்சுட்டோம். இப்ப கவர்மெண்டே வந்துருச்சு. சாப்பிட்டுக் கழுவித் தாரேன், எடுத்துக்கங்க."

யாரு குடுத்தாங்கன்னு கேட்டாங்க. அவரு குனிஞ்சு அடுத்த கவளத்தை எடுத்தாரு.  எல்லார் பார்வையும் சின்னராசு பக்கம் போச்சு.

சின்னராசு அந்த நேரத்துல சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தா கதை வேற. அவருக்கு எதிர்க்கட்சியைப் பிடிச்சுட்டோம்ங்கிற வேகம். "பாத்தீங்களா மேடம்? எதிர்க்கட்சிக்காரன் குடுத்தது, இவங்க வாயாலேயே வந்துருச்சு. பேரு அடியிலயே இருக்குது. ஒண்ணு விடாம எல்லாப் பேரையும் எழுதி எல்லாத்து மேலயும் கேஸ் போடுங்க"ன்னாரு.  பொன்னுசாமி சாப்பிடுறதை நிறுத்திட்டாரு.

அந்தம்மா பேனாவைத் திறந்தாங்க. சுத்தி ஒருதடவை பார்த்தாங்க. வராந்தாவுல யாரும் எடுக்காம ஒரே ஒரு போசி மிச்சம் இருந்துச்சு. சரி, இதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்னு சொல்லி அதைத் தூக்கி அடியைத் திருப்பினாங்க. படிச்சாங்க. வீடியோக்காரரைக் கிட்ட வரச் சொன்னாங்க. அப்புறம் சத்தமாப் படிச்சாங்க.

"க. சின்னராசு, கிளைச் செயலாளர்."

 அதுக்கப்புறம் மருதாயி சிரிச்சா பாருங்க, மலையே கேட்டிருக்கும்.

"ஏனுங்க சின்னராசு," அந்தம்மா ரொம்ப மரியாதையாக் கேட்டாங்க. "எதிர்க்கட்சி குடுத்த போசி உங்க ஊட்டுக்கு எப்படிங்க வந்துச்சு?"

மனுசன் என்ன சொல்லுவாரு? எதிர்க்கட்சி குடுத்ததுன்னா, அவரு ஊட்டுலயே எதிர்க்கட்சிகிட்ட வாங்கியிருக்காங்க. நம்ம கட்சி குடுத்ததுன்னா, குடுத்தவரு அவரேதான். எல்லார் மேலயும் கேஸ் போட்டா முதல் கேஸ் அவரு வாசல்ல. பேரு வெட்டினது யாரு, வராந்தாவுல கொண்டாந்து வெச்சது யாருன்னு அவரு முகத்துலயே தெரிஞ்சுது, ஊட்டுல அவரை விட்டா அவரு சம்சாரம் மட்டும்தானே.  அப்புறம் குரல் இறங்கி, ஜனங்களே முன்வந்து ஒப்படைச்சதுன்னு எழுதிக்கங்க மேடம்னு கெஞ்சினாரு. பேரு எதுக்குங்க, ஏழை ஜனம்னு அவரே எல்லாருக்காகவும் வாதாடினாரு. நான் அப்படி ஒரு வாதத்தைப் பேசியிருக்கவே முடியாது.

அந்தம்மா அப்படியே எழுதினாங்க. குடுத்தவரைப் பத்தி அவங்க மேல என்ன அனுப்பினாங்க, அந்த வீடியோ என்ன ஆச்சு, எனக்குத் தெரியாது. நியாயம் முழுசா நடந்துச்சான்னு கேட்டா, பாதின்னுதான் சொல்லுவேன். ஆனா வாங்கினதைத் திருப்பிக் குடுத்த ஒரு ஏழை மேலயும் கேஸ் இல்லை. அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். அதுக்கப்புறம் கொஞ்ச நாள், உங்க பிரசங்கத்தால நல்ல போசி போச்சுங்கன்னு வயக்காட்டுல இருந்து புகார் வந்துக்கிட்டே இருந்துச்சு.

அன்னிக்கு ஜனம் கலைஞ்சு, கழுவின போசிங்களை ஜீப்புல ஏத்திக்கிட்டிருந்தப்ப சின்னராசு மட்டும் நின்னாரு. கிட்ட வந்து மெதுவாக் கேட்டாரு. "சாமி, அவ நேத்து உங்ககிட்ட வந்தாளா? என்ன சொன்னா?"

அவரு சம்சாரம் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு வெச்சிருக்கலாம். வேற காரணம் இருக்கலாம். வந்தாங்களா, வரலையாங்கிற ரெண்டும் என் வாயில இருந்து வராது. சோறு ஆறுது, சாப்பிட்டுப் போங்கன்னேன். அந்தக் கடைசிப் போசி சோத்தைத்தான் சாப்பிட்டாரு.

நீங்க நிறையப் பேசுங்க தம்பிகளா. அநியாயத்தைப் பார்த்தா பேசாம இருக்காதீங்க, அதுக்குத்தான் எண்ணெய் பூசியிருக்காங்க. ஆனா உங்களை நம்பி ஒருத்தன் ஒண்ணைச் சொல்லிட்டுப் போனா, அதை வெச்சு அரசியலும் பண்ணாதீங்க, உங்களைக் காப்பாத்திக்கவும் செய்யாதீங்க. நம்ம பேச்சை ஊரு எதுக்கு நம்புதுன்னா, நாம வாயை மூடுவோம்னு அதுக்குத் தெரியும்கிறதாலதான்.

போன மாசம் ஓய்வு இல்லத்துக்குச் சின்னராசு வந்திருந்தாரு. முடி நரைச்சுருச்சு. மலைத்தேன் கொண்டாந்திருந்தாரு, ஒரு தூக்குப்போசி நிறைய. பயப்படாதீங்க சாமி, இது கடையில வாங்குனதுன்னு முதல்லயே சொல்லிட்டாரு. ஊர்ச் சேதி எல்லாம் பேசி முடிச்சுட்டு, கிளம்பும்போது வாசல்ல நின்னாரு. "இப்பவாச்சும் சொல்லுங்க சாமி. வந்தாளா, வரலியா?"

"ரோட்டுல வளைவு ஜாஸ்தி. இருட்டுறதுக்குள்ள ஏறிருங்க"ன்னேன்.

அவரு போனதும் தேனை வேற பாத்திரத்துல ஊத்திட்டுப் போசியைக் கழுவினேன். பழக்க தோசம், அடியைத் திருப்பிப் பார்த்தேன். இதையும் அவரு சம்சாரம்தான் வெட்டச் சொல்லியிருப்பாங்க: "க. சின்னராசு, முன்னாள் கிளைச் செயலாளர்."